பீங்கான் பாவாவின் பன்னீர்

அந்த வருஷம் சாய்ந்தமருதில் தூக்கம் வராதவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பீங்கான் பாவாவிடம் போனான். கல்முனையிலிருந்து பஸ் பிடித்தும் வந்தார்கள். பாவா வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் வசனம் ஓதி எழுதுவார். தன் போத்தல் பன்னீரால் அதைக் கழுவிக் குடிக்கத் தருவார். வீட்டுக்குக் கொண்டுபோகவும் எழுதின பீங்கானும் சின்னப் போத்தல் பன்னீரும் உண்டு. குடித்தவன் கட்டை மாதிரித் தூங்கினான். அற்புதம்! கறாமத்து என்றால் இதுவல்லவா கறாமத்து!

ஹாஜறாவின் புருஷன் முனாப் இரண்டு மாதமாகக் குடித்தான். தூக்கம் வந்தது, சரி. வள்ளத்திலும் வந்தது! போன கிழமை வலை இழுக்கையில் கண்ணயர்ந்து கடலில் விழுந்தான். கூட்டாளிகள் தலைமயிரைப் பிடித்து வள்ளத்தில் தூக்கிப் போட்டார்கள். ஹாஜறாவுக்குப் பாவாவின் பன்னீர் மேல் சந்தேகம் வந்தது.

அவள் ஒருநாள் எழுத்தைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தாள். மனுஷன் விடியச் சுபஹுத் தொழுகை வரைக்கும் கொட்டக் கொட்ட விழித்திருந்தான். மறுநாள் பீங்கானே இல்லாமல் பன்னீரை மட்டும் கொடுத்தாள். குறட்டை!

வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தங்கரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு பாவாவின் முன்னால் போய் நின்றாள்.

"பாவா, முதல்ல நீங்க குடிங்க. ஒங்கட மிச்சம் எங்களுக்குப் பறக்கத்து."

"ஓம் ஓம், மிச்சத்தத் தாங்க!" பாவாவின் பெரிய பக்தை ஹவ்வா உம்மா அழுதே விட்டாள். கூட்டமும் சேர்ந்து கெஞ்சியது.

"இண்டைக்கு நான் நோன்பு."

"தாடியில வட்டிலப்பம் ஒட்டியிரிக்கி, பாவா," என்றாள் ஹாஜறா.

பாவம், பக்தர்கள் விட்டால்தானே! அரைக் கோப்பை உள்ளே போனது. அடுத்த அரைமணியில் மூன்றாவது பீங்கானில் பாதி எழுத்தோடு பாவா சாய்ந்தார். சால்வை முடிச்சு அவிழ்ந்து மாத்திரை அட்டைகள் சிதறின.

தங்கரத்தினம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "டொக்டர் எழுதின துண்டு இல்லாமக் குடுக்கக் கூடாத தூக்கக் குளிசை. பொடியாக்கிப் பன்னீரில கரைச்சிருக்கிறார். தங்கச்சி, முனாபுக்கு இதைச் சட்டெண்டு நிப்பாட்டவும் ஏலாது. டொக்டரிட்டக் கூட்டி வாங்க, கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார். அதுவரைக்கும் கடலுக்கு விடாதீங்க."

ஹவ்வா உம்மா மூக்கில் விரல் வைத்தாள். "பாத்தியாகா! அவருக்கே பன்னீர் வேல செஞ்சிட்டே, என்ன கறாமத்து!"

ஹாஜறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு சூடை மீன் வாங்கவும் செவுளத் தூக்கிப் பாக்கிறீங்க. புருஷன்ட வாயில ஊத்துறத மட்டும் ஏன்கா ஒருத்தியும் பாக்கல்ல?"