இரண்டு கதவுகளுக்கு நடுவில் நின்ற மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்களைக் கேட்காமல் உங்கள் மகளைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடமாக உங்கள் வீட்டு வாசலை மிதிக்காத மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதால், அவள் சுகமா என்று எனக்கே தெரியவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேசைக்கு வருகிறது. அதை வைத்துச் சுகம்தான் என்று ஊகித்துக்கொள்கிறேன்.

நடந்தது எதுவும் உங்களை அவமதிக்க நான் போட்ட திட்டம் இல்லை மாமா. பள்ளிக்கூடப் பாதுகாப்புக் குழுவுக்கு நான் செயலாளர் ஆனதே ஒரு விபத்து. பெற்றோர் கூட்டத்தில் யார் முன்வருகிறீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் குனிந்து செருப்பைப் பார்க்க, நான் மட்டும் சோம்பல் முறித்துக் கையைத் தூக்கிவிட்டேன். அந்த அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பின்பக்கச் சுவர் இடிஞ்சு கிடக்கு சார். அத மட்டும் எடுத்துக் கட்டிக் குடுங்க, போதும்." சுவர் கட்டினால் யார் வந்து திறப்பு விழா நடத்துவார்கள்? மேஸ்திரி ஒரு துண்டுத்தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். கதவு விற்கிறவரோ கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, திரை கட்டிப் படம் காட்டினார். முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளும் கண்ணாடிக் கதவாம். வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்குமாம். பதிவாகாத முகம் என்றால் இரண்டும் பூட்டிக்கொண்டு சங்கு ஊதுமாம். "கொசு வந்தாக்கூட நீ யாருன்னு கேக்கும் சார்" என்றார். குழுவில் இருந்த பல் டாக்டர் கைதட்டினார், நானும் தட்டினேன், இருந்த பணம் முழுக்க வாசலுக்கே போய்விட்டது. சுவரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டோம். விதிகளை எழுதியதும் நான்தான். சொந்தம் என்று சொல்லி யார் வந்தாலும் பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இவரைத் தெரியுமா என்று கேட்க வேண்டும் என்பது என் மூளையில் உதித்தது. அதை எழுதிய அன்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

சாயங்காலம் வருகிறேன் என்று நீங்கள் போனில் சொன்னதும் உங்கள் மகள் அழுதாள். பிறகு வீட்டைக் கழுவினாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்பாவுக்கு மீசை புடிக்காது, எடுத்துருங்க" என்றாள். எடுத்தேன். ஆனால் நீங்கள் மதியமே வந்து இறங்கி, பிறந்ததிலிருந்து பார்க்காத பேத்தியை முதலில் ஒரு கண் பார்த்துவிடுவோம் என்று மிட்டாய்ப் பெட்டியும் கையுமாக நேரே பள்ளிக்கே போவீர்கள் என்று யார் கண்டது? வெளிக்கதவு மூடியது, சங்கு ஊதியது, டீச்சர் விதிப்படி பிள்ளையைக் கூட்டி வந்து நிறுத்தினார். அவள் உங்களையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள். மிட்டாய் கொடுக்கிறவர்களை நம்பாதே என்று தினமும் பாடம் நடத்தியவன் நான். "தெரியாது மிஸ்" என்று சொல்லிவிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை மாமா. நாம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு இருந்ததில் அவளுக்கு உங்களை எப்படித் தெரியும்? நீங்கள் அந்தப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டதாக டீச்சர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன் வந்து நான் ஓடி வந்ததும் காவலாளி தன் சாவியால் வெளிக்கதவைத் திறந்தார். நீங்கள் பேசாமல் வெளியே வந்திருக்கலாம். ஆனால் நான் மரியாதைக்கு வாசலிலேயே குனிந்து கும்பிட்டு வழியை அடைத்தேன். நிமிர்ந்தபோது நாம் இரண்டு பேரும் உள்ளே, கதவு மூடியாகிவிட்டது. பரவாயில்லை, செயலாளர் முகம் இருக்கிறதே என்று காட்டினேன். மீசை இல்லாத என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை; மறுபடி சங்கு ஊதி இரண்டு கதவும் பூட்டிக்கொண்டன, இந்த முறை காவலாளியின் சாவிக்கும் அசையவில்லை. ஒன்பது வருடமாக உங்களோடு ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஆசைப்பட்டவன் நான். அறை கிடைத்தது, வாய்தான் வரவில்லை. நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"இத வாங்கினது யாரு?"

"நான்தான் மாமா."

"நெனச்சேன்."

கதவுக் கம்பெனிக்காரர் போனில் சொன்னபடி கரண்டை நிறுத்தினோம். உள்கதவு மட்டும் திறந்தது. கடைசியில் தலைமையாசிரியை வழிகாட்ட, அந்த இடிந்த சுவர் வழியாகத்தான் உங்களை வெளியே அனுப்ப முடிந்தது. கம்பி இழுத்து உங்கள் பேண்ட் கிழிந்தபோது, அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையைச் சாகும்வரை மறக்க மாட்டேன். நீங்கள் அப்படியே பஸ் ஏறிவிட்டீர்கள். வீட்டில் உங்கள் மகள் இலக்கில்லாமல் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

மாமா, மன்னித்துவிடுங்கள். மறுபடி ஒரு முறை வாருங்கள். பள்ளிப் பக்கமே போக வேண்டாம், நேரே வீட்டுக்கு வாருங்கள்; எங்கள் வீட்டில் ஒரே கதவுதான், அதுவும் சரியாகச் சாத்தாது. அந்தக் கருவி உங்களைப் படம் பிடித்து, 'இவரை உள்ளே விடாதீர்கள்' என்று அச்சடித்து, காவலாளி அதை வாசலில் ஒட்டியதாக உங்கள் காதுக்கு வந்திருக்கலாம். கவலை வேண்டாம், அதை நானே என் கையால் கிழித்துப் போட்டுவிட்டேன். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் உடம்பும் மனமும் சீக்கிரம் ஆறட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

நீங்கள் சம்மதித்தால் உங்கள் மருமகன்.

பி.கு.: படத்தைக் கிழித்ததாக மேலே எழுதியது பொய். கிழிக்கத்தான் போனேன், அதற்குள் உங்கள் பேத்தி அதைப் பிய்த்துக்கொண்டு வந்து வீட்டில் தன் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டாள். சிவப்பு எழுத்தும் அப்படியே இருக்கிறது. "எங்க தாத்தா. இவரப் பாத்து மெஷினே பயந்து கத்துச்சு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். விதிப்படி அதைப் பள்ளிக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது என்றேன். "அதுல கை வச்சுப் பாருங்க, தெரியும்" என்று உங்கள் மகள் சொன்னாள். ஆகவே அவள் என்னோடு பேசுவதில்லை என்று எழுதியதும் இனிச் செல்லாது. பிள்ளையைக் கூட்டி வருவதற்கு முன்பே கருவி எடுத்த படம் அது. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் சிரித்த முகத்தை உங்கள் மகள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.