என் வீட்டுக்கு நீ தலைவனா, மச்சான்?

சிட்லபாக்கம்,
2007 ஜூலை, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் துரைராஜ் அவர்களுக்கு, கலீல் எழுதும் மடல். இறைவன் கருணையால் இங்கு நானும் ஹஃபீசாவும் நலம். என் முழங்காலையும் ஏரிக்கரைக் கொசுவையும் தவிர வேறு குறை இல்லை. மறைமலை நகரில் தாங்களும், தங்கச்சி தையல்நாயகியும், கார் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கள் புதல்வன் சக்திவேலும் சகல சௌக்கியங்களோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு வருடமாக ஒரு போன்கூட இல்லாததால் நம்பத்தான் முடிகிறது, தெரிந்துகொள்ள வழியில்லை.

நிற்க. தாங்கள் கிழித்துவிட்டுப் போன மானத்தைத் தைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். போன வாரம் காலையில் தீபா என்று ஒரு பெண், தோளில் பை, கையில் காகிதக் கட்டு, நம் கேட்டைத் தட்டிக்கொண்டு நின்றது. "சார், இந்த வீட்ல பதினேழு பேர் இருந்தீங்களே, மத்தவங்கள்லாம் எங்க?" என்றது. ரேஷன் கார்டு விசாரணை என்று நினைத்து, "ஐயோ, கார்டுல நாங்க ரெண்டே பேருதாம்மா, பையன்கூட தனிக் கார்டு வாங்கிட்டான்" என்று கத்தினேன். உள்ளே ஹஃபீசா சர்க்கரை டப்பாவைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். எதற்கு என்று இன்றுவரை அவளுக்கே தெரியவில்லை.

உட்கார வைத்து விசாரித்ததில் அது பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவியாம். அங்கே பழைய சமூகவியல் ஆராய்ச்சிகளையெல்லாம் தூசி தட்டி இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். காசும் கிடையாது, கார்டும் கிடையாது. அமெரிக்காவில் ஒருத்தன் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் நம் தெருவில் யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று படித்துக்கொண்டு கிடக்கலாம். அப்படி ஏற்றி வைத்ததில் ஸ்ரீரங்கன் என்பவர் எழுதியது ஒன்று. ஸ்ரீரங்கன் யார் என்று யோசிக்கிறாயா? எண்பத்தைந்து மழையில், பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, நோட்டை பாலிதீன் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வந்தாரே, அந்த மனுஷன்!

அன்றைக்கு நம் மூன்று குடும்பமும் என் மாடியில்தானே கிடந்தது. ஏரி உடைந்து பக்கத்திலிருந்த உன் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, ரயில்வேயில் கார்டாக இருந்த கடைசி வீட்டு ஏசுபாதம் வீட்டுக்குள்ளும் வந்து, எல்லோரும் பாயும் குழந்தையுமாக இரும்புப் படி ஏறி வந்தீர்கள். மூன்று வீட்டு ஸ்டவ்வில் நனையாதது ஹஃபீசாவுடையது ஒன்றுதான். அந்த மனுஷன் வாசற்படியில் நின்றுகொண்டே, "ஒரே அடுப்புல சாப்பிடறவங்க எத்தனை பேரும்மா?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் படிப்பில் ஒரே அடுப்பில் சாப்பிட்டால் ஒரே குடும்பமாம். ஹஃபீசா கரண்டியோடு எட்டிப் பார்த்து எண்ணி, "பதினேழு" என்றிருக்கிறாள். பொய்யா சொன்னாள்? போயே போச்சு. "தென்சென்னைப் புறநகரில் அபூர்வமான கூட்டுக்குடும்பம்" என்று எழுதிவிட்டார். அதை வைத்து வெளிநாட்டில் வேறு யார் யாரோ எழுதியிருக்கிறார்களாம்.

அதோடு விட்டாரா? நீ அப்போது மலைக்கு மாலை போட்டிருந்தாய். உனக்காக என் வீட்டு அடுப்பில் ஒரு முட்டைகூட ஏறவில்லை. தங்கச்சி சமைக்க, ஹஃபீசா காய் நறுக்க, நான் ஒரு வாரம் பூசணிக்காய் சாம்பாராகக் குடித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு மூலையில் நீ சரணம் சொல்வாய், இன்னொரு மூலையில் நான் தொழுவேன், நடுவில் ஏசுபாதம் இரண்டுக்கும் சேர்த்து ஆமென் போடுவார். ஸ்ரீரங்கன் எழுதியிருக்கிறார்: "இக்குடும்பத்தினர் புலால் உண்பதில்லை." நான்! இதை மட்டும் ஆம்பூரில் இருக்கிற என் மச்சினன்கள் படித்தார்கள் என்றால் அப்புறம் நான் எந்தக் கல்யாணப் பந்தியில உக்கார முடியும், சொல்லு.

இதெல்லாம்கூட போகட்டும். அடுத்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. "குடும்பத் தலைவர்: டி." டின்னா யாரு? நீ! வீடு என்னுது, வீட்டு வரி நான் கட்றது, மாடிக்கு ஓடு மாத்தினது நான், தலைவர் நீயாம். எப்படின்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். "அவர் சாப்பிட்ட பிறகுதான் சார் மத்தவங்க எல்லாம் சாப்பிட்டிருக்காங்க, எல்லாரும் அவரை சாமி சாமின்னு கூப்பிட்டு பர்மிஷன் கேட்டிருக்காங்க" அப்படின்னுது. மாலை போட்ட ஆள் பூஜை முடிக்காம மத்தவங்க எப்படிச் சாப்பிடறது? நான் வேற அந்த நேரம் பால் பவுடர் தேடி தாம்பரம் வரைக்கும் தண்ணியில நடந்து போயிருந்தேன். நீ காஞ்ச நாற்காலி ஒண்ணே ஒண்ணுல உக்காந்துக்கிட்டு, மடியில டிரான்சிஸ்டரை வெச்சிக்கிட்டு, என் வீட்டைப் பத்தி அந்த மனுஷனுக்குப் பேட்டி குடுத்திருக்கே.

தீபா என்னைக் கேட்ட கேள்வியையும் கேளு. "சார், எந்த வருஷம் பாகம் பிரிஞ்சீங்க? என்ன தகராறு?" உடனே உண்மையைச் சொல்லியிருக்கணும். ஆனா உன் பேரைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. "தகராறே இல்லம்மா, சொல்லாமக்கொள்ளாம வித்துட்டுப் போயிட்டாரு, புரோக்கர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்"னு கொட்டிட்டேன். அது குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிச்சு. "அவர் உங்களுக்கு என்ன உறவு?"ன்னுது. "மச்சான்"னேன். ஹஃபீசாவை நீ தங்கச்சின்னு கூப்பிட்ட நாள்லேர்ந்து வேற என்னன்னு சொல்றது? அதையும் எழுதிக்கிச்சு. ஒரு பொய் சொல்லலை மச்சான், ஆனா ஒவ்வொண்ணும் ஸ்ரீரங்கன் எழுதினதுக்கு அப்படியே கச்சிதமா பொருந்துது.

சாயங்காலமே என் பையன் அக்தர் கடையை மூடிட்டு என்னைக் குரோம்பேட்டையில ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனான். திட்டறதுக்குத்தான் போனேன். அவன் பக்கம் பக்கமாத் தள்ளிக்கிட்டே வந்து ஒரு இடத்துல நிறுத்தினான். ஸ்ரீரங்கன் கையால போட்ட படம். என் இரும்புப் படி, உங்க வேப்பமரம், நம்ம ரெண்டு சமையக்கட்டு ஜன்னலும் எதிரும் புதிருமா. தங்கச்சி உப்பு கேட்டா ஹஃபீசா கையை நீட்டியே குடுப்பாளே, அதே ஜன்னல். இப்ப அங்க நாலு மாடி பிளாட்டோட பைப்புதான் தெரியுது. அந்தப் படத்துல உன் வீடு இன்னும் இருக்கு. கண்ணாடியைத் தொடைச்சித் தொடைச்சிப் பார்த்தேன். எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு. வித்தது தப்புன்னு சொல்லலை, உன் கஷ்டம் உனக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அதுதான் எனக்கு.

சரி, அது கிடக்கட்டும். தப்பை அப்படியே விட முடியாது. ஏத்தினதை இறக்க மாட்டாங்களாம், ஆனா சம்பந்தப்பட்டவங்க சொன்னா அடியில ஒரு திருத்தம் போடுவாங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு மறுபடியும் வருது. நீ காலை ரயிலைப் பிடிச்சு சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்கி வந்து சேரணும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, நாங்க வேற வேற குடும்பம், வேற வேற அடுப்பு, மழைக்கு ஒதுங்கினோம், அவ்வளவுதான்னு சொல்லணும். நான் தனியாச் சொல்லிடுவேன். ஆனா தலைவர்னு உன்னைப் போட்டுட்டாங்களே, நீ சொன்னாத்தான் செல்லும். சொல்லிட்டு நீ உன் வழியைப் பாரு, நான் தடுக்க மாட்டேன்.

தங்கச்சிக்கு என் சலாமும், சக்திவேலுக்கு என் துஆவும். எல்லாரும் நீண்ட ஆயுளோட, நோய் நொடி இல்லாம, மேடான இடத்துல குடியிருக்க ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தன் வீட்டுக்குத் தானே தலைவனான,
கலீல்.

பி.கு.: உறையை ஒட்டறதுக்குள்ள அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. அவங்க வாத்தியார் வேற ஊருக்கு அனுப்பறாராம், ஞாயித்துக்கிழமை வராதாம். "திருத்தம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க சார்"னுது. ஹஃபீசா என் மூஞ்சையே பார்த்துக்கிட்டு நின்னா. ஒண்ணும் இல்லம்மா, அவர் எழுதினபடியே இருக்கட்டும்னுட்டேன். புலால் விஷயமும் இருக்கட்டும்னுட்டேன். "தலைவர் இப்ப எங்க இருக்கார் சார்?"னு கேட்டுச்சு. வெளியூர் போயிருக்கார், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துடுவார்னு சொல்லிட்டேன். அதையும் எழுதிக்கிச்சு. என்னைப் பொய் சொன்னவனா ஆக்கிடாதே, மச்சான்.