மிளகாய்த்தூள் பாக்கெட்டும் என் மகனின் உயிரும்

ஈப்போ,
14.3.1989

பெருமதிப்பிற்குரிய மச்சான் சன்னாசி அவர்களுக்கு, அப்பாவு நடுக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை நல்லம்மாள், மகன் பிச்சைமுத்து மூவரும் உயிரோடு இருக்கிறோம். மூன்றாவது பெயரை இரண்டு தடவை வாசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கறுப்புக் கட்டம் போட்டு வந்த அவன் படம் மரண அறிவிப்பு இல்லை, மிளகாய்த்தூள் விளம்பரம். எஸ்டேட்டில் இருந்தவரை வாய் திறக்காத பையன், ஈப்போவுக்குக் குடிவந்ததும் பாட்டைப் பாடாமல் மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தான், அதற்கு ராப் என்று பெயராம், கோப்பெங் திருவிழா மேடையில் பேசினான், கேசட் போட்டான், பெண்பிள்ளைகள் கையெழுத்துக் கேட்டார்கள். புகழ் வந்தவன் சும்மா இருப்பானா? தன் முகம் போட்ட சட்டை விற்றான், முதல் சலவையிலேயே முகம் போய்விட்டது. பிறகு மிளகாய்த்தூள், வீட்டிலேயே இடித்துப் பாக்கெட் போட்டான். "கறுப்புக் கட்டம்தான்ப்பா எடுப்பா இருக்கும், பயப்படாதீங்க லா" என்றான். படத்துக்குக் கீழே, "இனி உங்கள் இல்லந்தோறும் நிறைந்திருப்பார்" என்று அவனே எழுதி, இடம் மலிவு என்று நினைவஞ்சலிப் பக்கத்தில் கொடுத்துவிட்டான்.

கோப்பெங்கிலிருந்து என் தங்கை இருளாயி, லோரி நிறையப் பெண்களோடு வந்து இறங்கி, "அட என் ராசா, பேசிப் பேசியே போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வீடெல்லாம் மிளகாய் நெடி, நல்லம்மாளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், அதைப் பார்த்து இவர்கள் இன்னும் உரக்க அழுதார்கள். அந்த நேரம் பார்த்து, தூள் பூசிய முகத்தோடு இவன் வெளியே வந்து, "வாங்க அத்தை, காப்பி குடிக்கிறீங்களா?" என்றான். இருளாயி மயங்கி விழுந்தாள்.

என் பயமெல்லாம் ஒன்றுதான், மச்சான். வைகாசியில் உங்கள் மகள் நவமணிக்குத் தாலி கட்டப்போகிறவன். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைத்தது அபசகுனம் என்று நீங்கள் சம்பந்தத்தை முறித்துவிட்டால் நல்லம்மாள் தாங்கமாட்டாள். அவன் தும்மினாலும் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், இந்த மிளகாய் வீட்டில் நாள் முழுக்கத் தும்மல்தான். இனி பேப்பரில் தன் படம் வராது என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டேன். தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள்.

நவமணிக்கு நூறு வயது. அவளைக் கட்டப்போகிறவனுக்கு அதற்கு மேல் ஒரு நாள்.

இப்படிக்கு,
அப்பாவு

பி.கு.: துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பாக்கெட் வாங்கிப்போனதில் தூள் தீர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மல்லித்தூள். படம் என்னுடையது. சத்தியம் செய்தவன் அவன்தானே, நான் இல்லையே. கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், ஆனால் கட்டாயம் வாருங்கள். தெருமுனையிலிருந்தே சத்தமாக அழுதுகொண்டு வந்தால் கூட்டம் சேரும்.