மரபணு மகானுக்கு ஒரு குழாய் தண்ணீர்

மரபணு மகான் எச்சிலை முகர்ந்தே மூளையைப் படித்துவிடுவார் என்று ஊரே சொன்னது. ஊரே சொன்னால் தப்பாகவா இருக்கும்! காலை ஆறு மணிக்கே மாடிப்படி நிறைய ஆட்கள். ஆளுக்கொரு சோதனைக் குழாய், அதில் எச்சில்.

வரிசையில் ஏழாவதாக, தன் அப்பாவின் எச்சிலோடு நின்றவர் ஆய்வுக்கூட ஊழியர். படித்தவர், அதுதான் வேடிக்கை. கஞ்சாவின் சத்து வந்து ஒட்டிக்கொள்ள மூளை செல்களில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை உருவாக்கும் மரபணுவுக்கும் மூளை நோய்களுக்கும் என்ன உறவு என்று ஒன்பது வருடமாக எலிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எலிகள் இன்னும் முடிவாக எதுவும் சொல்லவில்லை. மகான் அதே மரபணுவின் பெயரைச் சொல்லி, மூன்றே நிமிடத்தில் முடிவும் சொல்லிவிட்டார்.

"உங்க அப்பாவுக்கு அந்த மரபணு பூட்டிக்கிச்சு. அதான் கை நடுங்குது. நம்ம எண்ணெய் நாக்குல மூணு சொட்டு விடுங்க. டாக்டர் மாத்திரைய நிறுத்திடுங்க, அது பூட்ட இன்னும் இறுக்கும்."

நிறுத்தினார். தன் எலிக்கூண்டில் ஒட்டியிருந்த அதே மரபணுவின் பெயரை மகான் வாயால் கேட்டதும் அவருக்குப் புல்லரித்துவிட்டது. மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்தது.

பத்தாம் நாள் அப்பாவால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இருபதாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க மகனுக்குப் பயமாக இருந்தது.

தையல்கடை வைத்திருக்கும் தங்கை வந்தாள்.

"அண்ணா, லேப்ல தினமும் ஒரு குழாய்ல வெறும் தண்ணி வைப்பியே, எதுக்கு?"

"சோதனை ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கத்தான். தண்ணியிலயும் நோய் தெரிஞ்சா சோதனையே தப்பு."

"இங்க வச்சியா?"

எலிகளுக்குத் தவறாமல் வைத்தவர் அப்பாவுக்கு வைக்கவில்லை.

மறுநாள் இருவரும் ஒரு குழாயை நீட்டினார்கள். "எங்க பெரியப்பாவோட எச்சில்" என்றாள் தங்கை. மகான் முகர்ந்தார், கண்ணை மூடினார்.

"ஐயோ, இவருக்கு ரெட்டைப் பூட்டு. ஆறு சொட்டு!"

"வாசல் குழாயில பிடிச்ச தண்ணிங்க" என்று சொல்லி, எல்லோரும் பார்க்க அதை மடக்கென்று குடித்தாள்.

"தண்ணிக்கும் மூளை உண்டும்மா" என்றார் மகான்.

"இருக்கும் சாமி. வரிசையில நிக்காம ஓடுதே!"

படிக்கட்டே சிரித்தது. ஒருவர் பின் ஒருவராகக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். ஒரு மாதம் கழித்து, முதல் பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட அப்பா மகனைப் பார்த்தார்.

"நான் உன் எலியாப் பொறந்திருந்தா நல்லாப் பார்த்திருப்பே, இல்ல?"

மகன் அடுத்த பொத்தானைப் போட்டுவிடக் குனிந்தார். வேலை முடிந்ததும் அங்கியை மட்டும்தான் ஆணியில் மாட்டிவிட்டு வரவேண்டும். அவர் அறிவையும் சேர்த்து மாட்டிவிட்டு வந்திருந்தார். உங்களுடையது எந்த ஆணியில் தொங்குகிறது?