சந்தேக பாபுவும் கான்வலெசன்ஸும்

கொல்கத்தா நகரம் முழுவதும் ஒரு நாளில் தின்று தீர்க்கும் சந்தேஷ் இனிப்பைவிட, எங்கள் ஹெட் கிளார்க் ஒரு நாளில் படும் சந்தேகம் அதிகம். கிடர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் கம்பெனி எங்களுடையது. அங்கிருந்த வங்காளிகள் அவருக்கு வைத்த பெயர் சந்தேக பாபு. திருச்சிக்காரர். டீ வந்தால் முதல் வாய் டீக்காரன் குடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு, அது தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்து பக்கத்தில் இன்னொன்று போட்டு ஒப்பிடுவார்.

இப்பேர்ப்பட்டவரிடம் என் மெடிக்கல் சர்டிபிகேட் போய்ச் சேர்ந்தது. எனக்கு மஞ்சள் காமாலை வந்து இறங்கியிருந்தது. டாக்டர், "கான்வலெசன்ஸ், இன்னும் பத்து நாள் ஓய்வு" என்று எழுதிக் கொடுத்திருந்தார். நோய் போய் உடம்பு தேறி வரும் காலம் என்று அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் லேக் மார்க்கெட் பகுதியில் எங்கள் வீட்டு மூன்றாவது மாடிக் கதவு தட்டப்பட்டது. சந்தேக பாபு!

"ஜன்னல் பக்கம் வாய்யா. டியூப் லைட்ல எல்லாருமே மஞ்சளாத்தான் தெரிவாங்க."

என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மனைவி நீட்டிய மோரை மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு செல்போனில் அகராதியைத் திறந்தார்.

"கான்வலெசன்ஸ். லத்தீன் வார்த்தை. 'வலேரே'ன்னா பலமா இருக்கிறதாம். பலமா இருக்கேன்னு எழுதிக் கொடுத்தே லீவு கேக்குற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன்!"

"சார், அது டாக்டர் எழுதினது..."

"அந்த டாக்டர் மேலயும் சந்தேகம்தான். திங்கக்கிழமை சீட்டுல இருக்கணும். இல்லேன்னா மேல ரிப்போர்ட் போகும்."

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் திங்கட்கிழமை பஸ் பிடித்துப் போனேன். இறங்கும்போது கால் துவண்டது. ஆபீஸ் வாசலிலேயே அவர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது.

"ஏன்யா வந்தே?"

"நீங்கதானே சார் சொன்னீங்க!"

"நேத்துப் பூரா அந்த வார்த்தையையே நோண்டிட்டிருந்தேன். நடுவுல 'இ-எஸ்-சி'ன்னு ஒரு துண்டு வருது பாரு, அதுக்கு 'ஆரம்பிக்கிறது'ன்னு அர்த்தமாம். அடலெசன்ஸ்னு சொல்றோமே, ஆளு வளர ஆரம்பிக்கிற வயசு, அதுலயும் அதே 'இ-எஸ்-சி'தான். உனக்குப் பலம் வரத் தொடங்கியிருக்கு, அவ்வளவுதான். இன்னும் வந்து சேரலை. நான்தான்யா அந்தத் துண்டை விட்டுட்டேன்."

டாக்சியை நிறுத்தி என்னை ஏற்றினார். தானும் ஏறிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு சார்?"

"நீ நேரா வீட்டுக்குத்தான் போவேன்னு என்ன நிச்சயம்?"

எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. முதல் மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவர் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்ல சார், நானே ஏறிடுவேன்."

"உன்னைத் தாங்கிப் பிடிக்கிறேன்னு நினைக்காதே. ஓடிடக் கூடாதுன்னு பிடிச்சிருக்கேன்."

படிக்குப் படி நின்று நின்று ஏறினோம். என் வீட்டு வாசல் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் கையை விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை.