உடையாத திருஷ்டிக்காய்

1. நான் ஒரு சீஸ் செய்தேன்.
2. நெல் மூட்டை அடுக்கும் உள்ளறை உத்திரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டேன்.
3. அத்தை அதன் தலையில் கற்பூரம் ஏற்றினார்.
4. மாமா அதைத் தெருமுனையில் ஓங்கி அடித்தார்.
5. அது உடையவில்லை.

இதில் என் குற்றம் எந்த எண்ணில் இருக்கிறது? எங்கள் வீட்டில் ஐந்திலும் என்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். பால்வளத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு (முதல் வகுப்பு, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்) பாகூரில் அத்தை வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். வில்லியனூர் பக்கம் சின்னதாகப் பால்பண்ணை வைத்திருந்த லூச்சியா என்ற இத்தாலிக்கார அம்மா, காச்சோகவால்லோ என்ற தங்கள் ஊர்ச் சீஸை எனக்குக் கற்றுக்கொடுத்தார். உறைந்த பால்கட்டியை வெந்நீரில் போட்டு, ரப்பர் மாதிரி இழுத்து இழுத்துப் பிசைந்து, சுரைக்காய் போல உருட்டி, கழுத்தில் கயிறு கட்டி இரண்டு மாதம் தொங்கவிட வேண்டும்.

“தனியாக ஒன்று செய். இரண்டு மாதம் கழித்து வந்து பார்க்கிறேன். சரியாக இருந்தால் வேலை உனக்கு” என்றார்.

செய்தேன். அறையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். பெயர், எடை, தேதி எழுதி லேபிளும் ஒட்டினேன். (அத்தைக்கு எழுத்து தெரியாது என்பதும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்பதும் அந்த முதல் வகுப்பு மூளைக்கு எட்டவில்லை.) நெல்லுக்குத் திருஷ்டிப் பூசணி கட்டியிருக்கிறேன் என்று நினைத்து அத்தை என்னை மெச்சிக்கொண்டாராம்.

லூச்சியா வருவதற்கு முந்தின நாள் அமாவாசை. பழைய காயை இறக்கி உடைக்கிற நாள். மாலை சைக்கிளில் திரும்பினால் தெருமுனையில் கூட்டம். நடுவில் என் சீஸ். உச்சியைத் தோண்டிக் குங்குமம் அடைத்திருந்தார்கள்!

“மூணு தபா அடிச்சிட்டேன். துள்ளுதே ஒழிய ஒடைய மாட்டேங்குது” என்றார் மாமா.

“அப்ப கண்ணு அம்மாம் பெருசுய்யா! இன்னும் ஓங்கி அடி!” என்றார் அத்தை.

“அத்தை, அது சீஸ்! என் வேலை!”

“இன்னாடி செல்வி ஒளர்ற? சூம்பிப் போயி நாத்தம் எடுத்த காயி. கற்பூரம் வெச்சா எண்ணெயா ஒழுவுது. எந்தப் பூசணிக்காயாச்சும் ஒழுவுமா? அத்தினியும் உம்மேல பட்ட கண்ணுடி!”

(என்மேல் யார் கண் வைப்பது? வேலையில்லாத டிப்ளமோமேலா?)

மோப்பம் பிடித்து வந்த தெருநாய்க்கு முன் நான் பாய்ந்து எடுத்துக் கழுவினேன். மறுநாள் லூச்சியாவிடம் நடந்ததை வரிசை எண்ணோடு ஒப்பித்தேன். அவர் காதில் ஐந்தாவது மட்டும்தான் விழுந்தது.

“மூன்று தடவையா? ஒரு வெடிப்புகூட இல்லையே!”

கருகிய தலையை வெட்டி எறிந்தார். நடுப்பகுதியை விரல் தடிமனில் நறுக்கி, அத்தையின் தோசைக்கல்லில் பூண்டோடு வைத்தார். மேலே கொஞ்சம் காடி (வினிகர்தான்), கொல்லையில் பறித்த கற்பூரவல்லி இலை. இரண்டு பக்கமும் சிவந்தது. பிய்த்தால் நூல் நூலாக வந்தது.

“நன்றாக இழுத்துப் பிசைந்த கை. நாளைக்கே வா” என்றார்.

அத்தை ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “பாத்தியா, திருஷ்டி கழிஞ்சுது, வேல கெடச்சுது” என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் யார் பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ கிளம்பினாலும் மாமா கையை நீட்டுவார்: “செல்வி, ஒரு சீஸு குடுமா, அடிச்சிட்டு வரேன்.” எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

இன்றைய நிலை: அந்தப் பண்ணையில் சீஸ் செய்வது என் பொறுப்பு. வேலை கிடைக்கக் காரணம் என் கை. அத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.