நான் சாப்பிட்டதாகப் பதிவான கேசரி

கலோரியைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட ஒன்றுமே தெரியாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. கல்யாணத்துக்கும் நல்லது.

அப்போது எனக்குத் தொப்பை. கல்யாணக் கோட்டில் பொத்தான் மாட்டவில்லை. (பெண்ணே பார்க்கவில்லை, கோட் தைத்தாயிற்று. அவ்வளவு அவசரம்.) சாப்பாட்டின் பெயரைப் போட்டால் கலோரி சொல்லும் ஒரு செயலியை போனில் இறக்கினேன். கலோரி என்றால் ஏதோ விஷம் என்றுதான் என் எண்ணம்.

மஹய்யாவயிலிருந்து அம்மாவும் அக்காவும் நானும் நாவலப்பிட்டிக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் விஞ்ஞான டீச்சர். தட்டைக் கீழே வைப்பதற்குள்ளேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. தட்டில் நெய் வடியும் கேசரி. சும்மா இருந்திருக்கலாம். 'கேசரி, ஒரு தட்டு' என்று போனில் போட்டேன். வந்த எண்ணைப் பார்த்ததும் அவசரமாக மூடப் போய், 'சாப்பிட்டேன்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டேன்.

பிறகு "வேணாங்க" என்று தட்டைத் தள்ளினேன். அவள் அப்பா மறுபடி நீட்டினார். மறுபடி தள்ளினேன். மூன்று தடவை! என் கட்டுப்பாட்டைப் பார்த்து அசந்துபோவார்கள் என்று நினைப்பு. அக்கா காலை மிதித்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

பெண் வீட்டுப் பலகாரத்தைத் தொடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அந்த அரை மணி நேரத்தைத் தவிர.

அவள் தட்டை எடுக்க வந்தபோது போனைப் பார்த்துவிட்டாள்.

"கலோரின்னா விஷம் இல்லீங்க, சக்தி. சும்மா உக்காந்து மூச்சு விடவே அது வேணும்," என்றாள் மெதுவாக.

எனக்கு அந்த மூச்சே நின்றுவிட்டது. தட்டு உள்ளே போயிற்று.

பஸ்ஸில் அக்கா, "ஏன்டா, பிடிக்கலியா?" என்று கேட்டாள். ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

மறுநாள் தரகரை அனுப்பிக் கெஞ்சிப் பார்த்தோம். "எங்க புள்ள குடுத்தத மூணு தடவ தள்ளுனவருங்க," என்று அவள் அப்பா முடித்துவிட்டார். அந்தத் தை மாதமே அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இரண்டு தட்டுக் கேசரி சாப்பிட்டாராம்.

இன்றைக்கும் நான் எதையாவது வேண்டாம் என்றால், "தம்பிக்குப் பொண்ணு பிடிக்கலியாம்," என்று அக்கா ஆரம்பிப்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கோட் அலுமாரியில் தொங்குகிறது. இப்போது பொத்தான் சரியாக மாட்டுகிறது.

செயலியை மட்டும் அழிக்கவில்லை. அந்தத் தேதிக்குப் போய்ப் பார்ப்பேன்: கேசரி, ஒரு தட்டு, சாப்பிட்டாயிற்று. உலகத்திலேயே அதை நம்புவது அந்தச் செயலி ஒன்றுதான்.